பழைய குங்ஃபூ படங்கள்: வாசகர் கேட்டவை

1970களின் மலிவு பட்ஜெட் ஹாங்காங், தைவான் சண்டைப் படங்களைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். பழைய வட ஆற்காட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களே ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. அவற்றில் சில இங்கே.

காட்பாடி வாசகர்: தமிழ் டப்பிங்கில் வாய் ஒட்டவில்லை என்றால் புரிகிறது. சீன மொழியிலேயே பார்த்தாலும் ஒட்டமாட்டேன் என்கிறதே?

அதுவும் டப்பிங்தான். ஹாங்காங்கில் 1960களில் தொடங்கி 80களின் கடைசி வரைக்கும் பெரும்பாலான படங்களைக் குரல் பதியாமல்தான் எடுத்தார்கள். வெளிப்புறச் சண்டைக்குத் தோதான சின்ன ஆரிஃப்ளெக்ஸ் வகைக் கேமரா ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும். சத்தத்தை அடைக்கும் உறையை மாட்டினால் கனம் ஏறிவிடும், சண்டைக்காரர் பின்னால் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. போதாக்குறைக்கு ஹீரோ காண்டனீஸ்காரர், நாயகி மாண்டரின் பேசுபவர், வில்லன் கொரியாவிலிருந்து வந்தவர். அவரவர் மொழியில் பேசவிட்டு, பிறகு ஒலிக்கூடத்தில் வேறு ஆட்களை வைத்துக் குரல் கொடுத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் காண்டனீஸ் பேசும் அந்த நகரத்திலேயே படங்கள் மாண்டரினில்தான் வந்தன. 1973இல் ‘தி ஹவுஸ் ஆஃப் 72 டெனன்ட்ஸ்’ காண்டனீஸில் வந்து வசூலை அள்ளிய பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. ஹாங்காங்கில் எடுத்த படங்களில் புரூஸ் லீ பேசும் மாண்டரின் வசனம்கூட அவர் குரல் இல்லை.

தமிழில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. ‘உன்னைக் கொல்லப் போகிறேன்’ என்பதற்குச் சீனத்தில் ஐந்து அசை போதும். தமிழில் ‘நான் உன்னைக் கொல்லாமல் விடமாட்டேன்’ என்று எழுதினால் பத்து. நடிகர் வாயை மூடின பிறகும் குரல் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். நல்ல டப்பிங் வசனக்காரர் முதலில் உதடு மூடும் இடங்களைக் குறித்துக்கொள்வார். அங்கே ப, ம வரும் சொல்லாகப் போடுவார். நடுவில் ஒட்டாவிட்டாலும் தொடக்கமும் முடிவும் ஒட்டினால் கண் மன்னித்துவிடும். மலிவுப் படத்துக்கு இந்த வேலையைச் செய்ய நேரம் கிடைப்பதில்லை.

ஆம்பூர் வாசகர்: நண்பர்கள் சேர்ந்து குறும்படம் எடுக்கிறோம். குத்து விழும் அந்தப் பழைய ‘டிஷ்யூம்’ சத்தத்தை நாமே செய்ய முடியுமா? ஷூ கம்பெனித் துண்டுத் தோல் நிறைய கிடைக்கிறது.

சரியான ஊரில்தான் இருக்கிறீர்கள். அந்தச் சத்தம் ஒரே சத்தம் இல்லை. காற்றைக் கிழிக்கும் ‘விஷ்’, தோலில் விழும் ‘டப்’, உடம்புக்குள் இறங்கும் ‘தொம்’ என்று தனித்தனியாகப் பதிந்து அடுக்கியது.

முதலில் அறை. டைல்ஸ் போட்ட வெற்று அறையில் பதிந்தால் எதிரொலி ஒட்டிக்கொள்ளும், பிறகு எந்த ஆப்பாலும் முழுதாகப் போகாது. சுவரில் ஜமக்காளம், கம்பளி தொங்கவிடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ‘விஷ்’ஷுக்கு மூன்றடி மெல்லிய பிரம்பு போதும், மைக்கிலிருந்து ஒரு அடி தள்ளிப் பக்கவாட்டில் வீசுங்கள். மைக்கைப் பார்த்து வீசினால் காற்று மோதி ‘பொப்’ என்று கெட்டுவிடும். ‘டப்’புக்கு அப்பர் தோல் ஆகாது, சளசளக்கும். சோலுக்குப் போடும் தடித்த தோலில் ஒரு சாண் துண்டு இரண்டு எடுத்து ஒன்றன்மேல் ஒன்று அடியுங்கள். மைக் இரண்டடி தூரம். ‘தொம்’முக்கு அரிசிச் சாக்கில் பாதி மணல் நிரப்பித் தரையில் கிடத்திக் கையால் குத்துங்கள். எலும்பு முறிய வேண்டும் என்றால் பச்சைக் கேரட்டை மைக்குப் பக்கத்தில் ஒடியுங்கள்.

சேர்க்கும்போது கணக்கு முக்கியம். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் சுமார் 42 மில்லி நொடி. ‘விஷ்’ அடி விழுவதற்கு இரண்டு ஃபிரேம் முன்னால் ஓய வேண்டும். ‘டப்’ சரியாக அடி விழும் ஃபிரேமில். ‘தொம்’ அதோடு அல்லது ஒரு ஃபிரேம் தள்ளி, ஒலியளவைக் குறைத்து. உதைக்கு ‘தொம்’மின் சுருதியை இரண்டு மூன்று அரைச் சுரம் இறக்கினால் கால் கனமாகத் தெரியும்.

பழைய படங்கள் சொதப்பியது எங்கே என்றால், ஒரே பதிவைப் படம் முழுக்க ஓட்டியதில். தோளைத் தட்டிக் கொடுத்தாலும் அதே சத்தம், தாடையில் விழுந்தாலும் அதே சத்தம். குறைந்தது ஏழெட்டு வெவ்வேறு அடியைப் பதிந்து மாற்றி மாற்றிப் போடுங்கள். பழைய வாசனை வேண்டுமென்றே வேண்டும் என்றால் ஒன்றே போதும்!

ஆற்காடு வாசகர்: சண்டையை வேகப்படுத்தி ஓட்டுகிறார்கள் என்று என் மாமா சொல்கிறார். இல்லை, அவர்கள் அவ்வளவு வேகம் என்கிறேன் நான்.

இருவரும் பாதி ஜெயித்தீர்கள். திரையில் படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். எடுக்கும்போது கேமராவை 22இல் ஓட்டினால் திரையில் ஒன்பது சதவீதம் வேகம் கூடும். 20இல் ஓட்டினால் இருபது சதவீதம். 18இல் ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு. குரல் பதியாமல் எடுப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. 22 என்றால் கண்ணுக்குத் தெரியாது. 18 என்றால் அடிபட்டவன் கீழே விழும் வேகமே காட்டிக்கொடுத்துவிடும். புவியீர்ப்புக்கு யாரும் ஒத்திகை கொடுக்க முடியாதல்லவா?

கண்டுபிடிக்க ஹீரோவைப் பார்க்காதீர்கள். எழும்பின தூசி படிவதையும், அங்கி நுனியையும், பின்னால் சும்மா நிற்கும் துணை நடிகரின் தலையசைப்பையும் பாருங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. ஃபிரேம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் கூடுதல் நேரம் விழும்; 20இல் ஓட்டினால் சுமார் கால் ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப்). லென்ஸ் திறப்பான அப்பெர்ச்சரைத் திருத்த மறந்த யூனிட்டின் படத்தில் சண்டை ஷாட் மட்டும் லேசாக வெளுத்திருக்கும்.

வேகப்படுத்துவதில் ஏமாற்று மட்டும் இல்லை, பாதுகாப்பும் இருக்கிறது. முழு வேகத்தில் கம்பு வீசினால் முட்டி பெயர்ந்துவிடும். கொஞ்சம் நிதானமாக, ஆனால் சுத்தமாக வீசிவிட்டு மிச்ச வேகத்தைக் கேமராவிடம் விட்டார்கள்.

குடியாத்தம் வாசகி: வில்லன் விழுந்த மறு நொடியே ‘முற்றும்’ போட்டுவிடுகிறார்களே, அவ்வளவு அவசரமா?

35 எம்.எம். ஃபிலிம் நொடிக்கு ஒன்றரை அடி ஓடும். பழி தீர்ந்த பிறகு கல்யாணம், குரூப் போட்டோ எல்லாம் எடுத்தால் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி தண்டம்.

வாணியம்பாடி வாசகர்: பழைய விசிடி ஒன்றில் இருவர் சண்டை போடுகிறார்கள், ஆனால் ஒருவரின் மூக்கும் இன்னொருவரின் கையும்தான் தெரிகிறது. இன்னொன்றில் எல்லோரும் நெட்டையாக இருக்கிறார்கள். டிவியில் கோளாறா?

முதலாவதில் டிவி நிரபராதி. அந்தப் படங்களில் பெரும்பாலானவை சினிமாஸ்கோப். அகலம் உயரத்தைப் போல் 2.35 மடங்கு. ஹாங்காங்கின் பெரிய ஸ்டுடியோவான ஷா பிரதர்ஸ் தன்னுடையதை ஷாஸ்கோப் என்றே அழைத்தது. பழைய டிவியின் அகலம் 1.33 மடங்குதான். திரையை நிரப்புவதற்காக இரண்டு பக்கமும் வெட்டினால் நூற்றுக்கு 57 பங்கு படம்தான் மிஞ்சும். ஹீரோ இடது ஓரத்திலும் வில்லன் வலது ஓரத்திலும் நின்று முறைக்கும் ஷாட்டில் நடுவில் இருக்கும் தூண் மட்டும் தெரியும். இதற்கு வைத்தியம் கிடையாது, வேறு பிரதி தேட வேண்டியதுதான்.

நெட்டை மனிதர் விவகாரம் வேறு. ஸ்கோப் படம் ஃபிலிமில் பக்கவாட்டில் நசுக்கிப் பதிந்திருக்கும். லென்ஸ்தான் அதை விரிக்கும். ஆபரேட்டர் ஸ்கோப் லென்ஸ் மாட்டாமல் ஓட்டினாலோ, டிஸ்க் செய்தவர் விரிக்காமல் விட்டாலோ ஆள் ஒல்லியாகி நீளுவார். படத்தில் வட்டமான பொருள் ஒன்றைப் பிடித்துப் பாருங்கள்: கோயில் வெண்கலத் தட்டு, நிலா, சாப்பாட்டு மேஜை மேலிருந்து தெரிவது. அது முட்டை வடிவில் நின்றால் டிவி மெனுவில் அகல விகிதத்தை மாற்றுங்கள், சரியாகிவிடும்.

விசிடியில் அகலப் படத்தை முழுதாகப் போட்டாலும் பெரிய லாபமில்லை. மொத்தமே 288 வரி. மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக 163 வரிதான் படத்துக்கு. வெள்ளைப் புருவக் கிழவரின் புருவம் எது, தாடி எது என்று தெரியாது. ஷா பிரதர்ஸ் படங்களின் உரிமையை 2000இல் செலஸ்டியல் பிக்சர்ஸ் வாங்கிச் சுத்தம் செய்து வெளியிட்டதால் அவை பளிச்சென்று கிடைக்கின்றன. சின்னத் தயாரிப்பாளர்களின் தைவான் படங்கள் பலவற்றுக்கு நெகட்டிவே இல்லை, வெட்டுப்பட்ட பழைய வீடியோ கேசட்டுதான் மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி. அதைக் கிண்டல் செய்துகொண்டாவது பார்த்துவிடுங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: படம் முழுக்கச் சிவப்பாக இருக்கிறது. ரத்தத்தைக் காட்டவா?

இல்லை, சாயம் போய்விட்டது. அந்தக் காலத்து வண்ணப் பிரதிகளில் மூன்று சாயங்களில் பச்சைநீலம்தான் முதலில் மங்கும். அது போனதும் மிஞ்சுவது செந்நிறம். டிவியில் சிவப்பைக் குறைத்தால் முகம் கொஞ்சம் தேறும், ஆனால் போன பச்சை திரும்பாது. மூங்கில் காடு பழுப்பாகத்தான் இருக்கும்.

சத்துவாச்சாரி வாசகர்: புரூஸ் லீ, புரூஸ் லி, புரூஸ் லே என்று போஸ்டரில் பார்க்கிறேன். அச்சுப் பிழையா?

வியாபாரம். புரூஸ் லீ 1973 ஜூலை 20 அன்று இறந்தார். அவர் ஹாங்காங் திரும்பி ஹீரோவாக நடித்து முடித்த படங்கள் நான்குதான். சந்தைக்கோ நாற்பது தேவைப்பட்டது. தைவான்காரர் ஹோ சுங்-தாவ் ‘புரூஸ் லி’ ஆனார். வோங் கின்-லுங் ‘புரூஸ் லே’ ஆனார். கொரியாவிலிருந்து ‘டிராகன் லீ’ வந்தார். போஸ்டரில் எழுத்தைச் சின்னதாகப் போட்டால் டிக்கெட் கிழித்த பிறகுதான் தெரியும். இவர்களில் புரூஸ் லி உண்மையிலேயே நல்ல நடிகர். மூக்கைத் தடவி ‘வாஆ’ என்று கத்தும் வேலையை அவர் தலையில் கட்டாத படங்களைப் பார்த்தால் தெரியும்.

அசலின் பெயரிலேயே நடந்த கூத்து இதைவிடப் பெரிது. ‘கேம் ஆஃப் டெத்’ படத்துக்காக 1972இல் லீ சில சண்டைகளை எடுத்து வைத்துவிட்டு ‘எண்டர் தி டிராகன்’ வேலைக்குப் போனார், திரும்ப உயிரோடு இல்லை. 1978இல் வெளிவந்த படத்தில் அவர் எடுத்த சண்டை பத்துச் சொச்சம் நிமிடம்தான் இருக்கிறது. மிச்சத்தை மாற்று ஆட்களை வைத்து, கறுப்புக் கண்ணாடி, ஒட்டுத்தாடி போட்டு ஒப்பேற்றினார்கள். ஒரு ஷாட்டில் மாற்று ஆள் நிலைக்கண்ணாடி முன் உட்கார்ந்திருப்பார். கண்ணாடியில் அவர் முகம் தெரியும் இடத்தில் லீயின் முகத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஆள் அசைந்தாலும் முகம் அசையாது. லீயின் நிஜ இறுதி ஊர்வலக் காட்சிகளையும் கதைக்குள் சேர்த்துவிட்டார்கள், அதை ரசிக்க முடியவில்லை. ஆனால் 7 அடி 2 அங்குலம் உயரமுள்ள கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜப்பாரோடு லீ மோதும் பகுதி அசல். அதற்காக மட்டும் படத்தைக் கடைசிக்கு ஓட்டிப் பார்க்கலாம்.

பேர்ணாம்பட்டு வாசகர்: தரையிலிருந்து பத்தடி மதில்மேல் நின்றபடிக்கே தாவுகிறார்களே?

மதிலிலிருந்து பின்பக்கமாகக் கீழே குதிக்கச் சொல்லி எடுத்து, ஃபிலிமைத் திருப்பி ஓட்டினார்கள். கால் தரையை விடும் நொடியைப் பாருங்கள்: புழுதி வெளியே போகாமல் காலுக்கடியில் வந்து சேரும். அங்கி கீழ்நோக்கிப் படியாமல் மேலே விரிந்து நிற்கும். இந்த முறைக்குக் காசே செலவில்லை.

கொஞ்சம் காசு இருந்தால் மினி டிராம்போலின். அதைப் புதருக்குப் பின்னாலோ, கேமராவின் கீழ் விளிம்புக்கு வெளியிலோ வைப்பார்கள். அதனால்தான் தாவுவதை மூன்று துண்டாகக் காட்டுவது: முழங்கால் மடிவது ஒரு ஷாட், வானத்துக்கு எதிரே உடம்பு பறப்பது ஒரு ஷாட், மதிலில் கால் பதிவது ஒரு ஷாட். நடு ஷாட்டில் தரையே காட்டமாட்டார்கள். காட்டினால் டிராம்போலின் தெரியும்.

ஆரணி வாசகி: நெற்றி வரைக்கும் மழித்த தலை, பின்னால் நீளச் சடை. ஆனால் நெற்றியில் ஒரு கோடு தெரிகிறதே!

சீனாவின் சிங் அரச காலத்து ஆண்களின் கட்டாய அலங்காரம் அது. நிஜமாக மழிக்கச் சம்மதிக்காத நடிகருக்கு ரப்பர்த் தொப்பி ஒட்டிச் சடை வைத்தார்கள். வியர்வை வந்ததும் ஓரம் கிளம்பும், மேக்கப் போட்டால் நிறம் ஒட்டாது. சிலர் முன்னால் கற்றை முடி விட்டுச் சடை மட்டும் வைத்துக்கொண்டார்கள்; சரித்திரப்படி அப்படி விட்டிருந்தால் அந்தக் காலத்தில் தலை தப்பாது.

காவேரிப்பாக்கம் வாசகர்: ஷாவ்லின் கோயிலையும் குங்ஃபூவையும் உண்டாக்கியது நம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தானே? படங்கள் ஏன் அதைச் சொல்வதில்லை?

சில படங்கள் சொல்கின்றன. சரித்திரம்தான் அவ்வளவு நேராகச் சொல்லவில்லை. ஹெனான் மாகாணத்துச் சோங் மலையில் ஷாவ்லின் மடம் ஏறத்தாழ 495இல் கட்டப்பட்டது. கட்டிக்கொடுத்தது வட வெய் அரசர், குருவாக இருந்தவர் பாதுவோ என்று சீனர் அழைத்த இந்தியத் துறவி. போதிதர்மர் அதற்குப் பிந்தியவர். ஒரு பழைய சீனக் குறிப்பு அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது, இன்னொன்று பாரசீகத்தவர் என்கிறது. காஞ்சி என்பது பின்னால் வந்த மரபு. அவர் துறவிகளுக்கு உடற்பயிற்சி கற்றுக்கொடுத்தார் என்ற கதைக்கு ஆதாரமாகக் காட்டும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிந்தியது. துறவிகள் சண்டை போட்டதற்குப் பழைய சான்று வேறு இருக்கிறது: 621இல் லி ஷிமின் என்ற இளவரசருக்குப் போரில் உதவியதை 728ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அந்த இளவரசர்தான் பிறகு டாங் பேரரசர்.

படங்களில் காட்டும் ஷாவ்லின் கோயில் பெரும்பாலும் ஸ்டுடியோ செட், இல்லையென்றால் தைவான் அல்லது கொரியாவிலுள்ள கோயில். அசல் மடம் 1928இல் போர்ப்பிரபு ஒருவரால் கொளுத்தப்பட்டது, பிறகு சீனாவுக்குள் போய் ஹாங்காங்காரர் படமெடுக்கும் நிலைமையும் இல்லை. ஜெட் லீ நடித்து 1982இல் வந்த ‘ஷாவ்லின் டெம்பிள்’தான் அந்த இடத்துக்கே போய் எடுத்தது.

ஒடுகத்தூர் வாசகர் (சிலம்பம் பழகுபவர்): பயிற்சிக் காட்சிகள் நிஜமா? கம்புச் சண்டையைப் பார்த்தால் நம் சிலம்பச் சுவடு (காலடி முறை) மாதிரியே சில இடங்கள் வருகின்றன.

தொடை தரைக்கு இணையாக உட்காரும் அந்தக் குதிரை நிலை நிஜம். தென்சீன ஹுங் கார் பள்ளியில் மாதக்கணக்கில் நிற்க வைப்பார்கள். படத்தில் தொடைமேல் தண்ணீர்க் கிண்ணம், பின்பக்கம் எரியும் ஊதுவத்தி வைப்பது திரைக்கதைக்காரரின் சேர்க்கை. நிற்கும்போது முட்டி கால் விரலைத் தாண்டி முன்னால் போகிறதா பாருங்கள். போனால் நடிகர், போகாவிட்டால் பயின்றவர். லாவ் கார்-லியுங் இயக்கிய படங்களை நம்பிப் பார்க்கலாம். அவருடைய அப்பா லாம் சாய்-விங்கின் சீடர், லாம் சாய்-விங் வோங் ஃபெய்-ஹுங்கின் சீடர். பல குங்ஃபூ படங்களில் நாயகனாக வரும் வோங் ஃபெய்-ஹுங் கற்பனைப் பாத்திரம் இல்லை; அந்தப் பரம்பரையே கேமராவுக்குப் பின்னால் நின்றது.

கம்பைப் பொறுத்தவரை, நாம் நெற்றி மட்டம் என்று அளப்பதுபோல் அவர்களிடமும் புருவ மட்டக் கம்பு உண்டு. நமக்கு மூங்கிலும் பிரம்பும். அவர்களுக்கு வெண்மெழுகு மரம். அடி தடித்து நுனி மெலிந்திருக்கும், குத்தினால் நுனி அதிரும். திரையில் நுனி நடுங்குவது தெரிந்தால் அசல் மரம். விறைப்பாக நின்றால் பெயின்ட் அடித்த குழாய். தெற்கத்தி முறையில் எட்டடிக்கு மேல் நீளும் கம்பும் உண்டு. அதில் சுற்று குறைவு, குத்தும் தட்டும்தான் அதிகம். உங்கள் கண்ணுக்குச் சுவடு மாதிரித் தெரியும் சுழற்சிகளில் பாதி பீக்கிங் நாடக மேடையிலிருந்து வந்தவை. அழகுக்காகச் சுற்றுவது, அடிக்காக அல்ல. உங்கள் ஆசானிடம் ஒரு படத்தைக் காட்டுங்கள். எது அலங்காரச் சுற்று, எது அடிமுறை என்று அவரே பிரித்துச் சொல்லிவிடுவார்.

வேலப்பாடி வாசகர்: ‘என் குருவைக் கொன்றாய், பழி வாங்குவேன்’. நூறு படத்துக்கும் இதே கதை. இதை எதற்கு உட்கார்ந்து பார்க்க வேண்டும்?

கதைக்காகப் பார்க்க வேண்டாம். முதல் நாற்பது நிமிடத்தில் வரும் நகைச்சுவையும் சகிக்காது. சளி சிந்துவது, மாறுகண் சமையல்காரர், பெண்களை இழிவாகப் பேசுவது. தாராளமாக ஓட்டிவிடுங்கள்.

பார்க்க வேண்டியது உடம்பை. இந்தப் படங்களிடம் செட் போடப் பணமில்லை, ஃபிலிம் வாங்க யோசித்தார்கள், ஆனால் பத்து வயதுக்குள் நாடகப் பள்ளியில் சேர்ந்து தினமும் அடியும் உதையும் வாங்கிக் குட்டிக்கரணம் பழகிய ஆட்கள் கூலிக்குக் கிடைத்தார்கள். ஜாக்கி சான், சாமோ ஹுங், யுவென் பியாவ் மூவரும் யு ஜிம்-யுவென் நடத்திய ஒரே பள்ளியில் வளர்ந்தவர்கள். பணத்தால் செய்ய முடியாததை ஒத்திகையால் செய்தார்கள். அதனால் கேமரா தள்ளி நின்று தலை முதல் கால் வரை காட்டத் துணிந்தது. ஒரே ஷாட்டில் பத்துக்கும் மேல் வீச்சும் தடுப்பும் வெட்டில்லாமல் போகும். இன்றைக்குப் பெரிய பட்ஜெட் படத்தில் ஒரு குத்துக்கு மூன்று வெட்டு வருகிறது. யார் யாரை அடித்தார் என்று பின்னணி இசைதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை எண்ணிக்கொண்டே பாருங்கள். அடி, தடுப்பு, அடி, தடுப்பு, பிறகு இருவரும் ஒரு கணம் அசையாமல் நிற்பார்கள். உடனே அடுத்த கொத்து. அந்த நிற்றல் நாடக மேடையின் தாள வாத்தியத்திலிருந்து வந்தது. அது இல்லாவிட்டால் கண் களைத்துவிடும். மட்டமான படத்தில் இந்த நிற்றல் தவறான இடத்தில் வரும்: அடுத்த அடியை நினைவுபடுத்திக்கொள்ள நிற்கிறார்கள் என்று முகமே சொல்லிவிடும். கூட்டச் சண்டையில் பின்வரிசையைக் கவனியுங்கள். பத்துப் பேர் ஹீரோவைச் சுற்றி நிற்பார்கள். இருவர் அடிபடும்போது எட்டுப் பேர் கத்தியை ஆட்டியபடி முறை வரக் காத்திருப்பார்கள். நல்ல சண்டை இயக்குநர் அந்த எட்டுப் பேருக்கும் வேலை கொடுத்திருப்பார்: ஒருவன் மேஜையில் தடுக்குவான், ஒருவன் விழுந்தவனைத் தூக்குவான்.

எங்கே தொடங்குவது என்றால், ஷா பிரதர்ஸின் 1978ஆம் ஆண்டு ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்’. பயிற்சியே கதை. அதே ஆண்டின் ‘டிரங்கன் மாஸ்டர்’ அடுத்தது. இரண்டும் பிடித்திருந்தால் பட்ஜெட் குறைந்த தைவான் படங்களுக்குள் இறங்குங்கள். பிடிக்காவிட்டால் அங்கே போக வேண்டாம்.

தொரப்பாடி வாசகர்: ஒரு நிஞ்ஜா படத்தில் வெள்ளைக்காரர் ஹீரோ, சீனர் இன்னொரு ஹீரோ. கடைசி வரை இருவரும் சந்திக்கவே இல்லை.

சந்திக்க முடியாது, இருவரும் வேறு வேறு படத்தில் இருக்கிறார்கள். காட்ஃப்ரே ஹோ என்ற இயக்குநரும் ஜோசப் லாயின் ஐ.எஃப்.டி. நிறுவனமும் 1980களில் கொண்டுவந்த தொழில் இது. கொரியா, தைவான், தாய்லாந்து என்று எங்காவது எடுத்த பழைய படத்தை மலிவாக வாங்குவது. ரிச்சர்ட் ஹாரிசன் மாதிரி வெளிநாட்டு நடிகர் ஒருவரை வைத்துச் சில காட்சிகளைப் புதிதாக எடுப்பது. இரண்டையும் கலந்து புது வசனம் போட்டால் புதுப் படம். ஒட்டுப் போடும் பசை தொலைபேசி: இந்தப் பக்கம் வெள்ளைக்காரர் பேசுவார், அந்தப் பக்கம் ஐந்து வருடத்துக்கு முன் வேறு யாரிடமோ பேசியவர் பதில் சொல்வார். 1985இல் வந்த ‘நிஞ்ஜா டெர்மினேட்டர்’ படத்தில் ஹாரிசன் பேசுவது கார்ஃபீல்டு பூனை பொம்மைத் தொலைபேசியில். ரகசியப் படையினரான நிஞ்ஜாக்கள் நெற்றிப் பட்டையில் ‘நிஞ்ஜா’ என்றே எழுதிக் கட்டியிருப்பார்கள். ஃபிலிமின் நிறமும் புள்ளியும் வெட்டுக்கு வெட்டு மாறினால் ஒட்டுவேலை என்று முடிவு கட்டலாம்.

வாலாஜாபேட்டை வாசகர்: பின்னணி இசையை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறது.

கேட்டிருப்பீர்கள். பல படங்களுக்குத் தனி இசையமைப்பே கிடையாது, கிடைத்த இசைத்தட்டை எடுத்து ஓட்டினார்கள். 1976இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் தி ஃப்ளையிங் கில்லட்டின்’ படத்தில் வில்லன் வரும்போது ஒலிப்பது ஜெர்மன் ராக் குழுவான நொய்யின் இசை. பொருத்தமும் அபாரம், அதுதான் கோபத்தைக் கெடுக்கிறது.

பள்ளிகொண்டா வாசகர்: பாலாற்று மணலில் பழைய பாணியில் ஒரு சண்டை எடுக்க ஆசை. ஐந்து பேர், ஒரு செல்போன். என்ன கவனிக்க வேண்டும்?

தண்ணீரில்லாத ஆறு இதற்காவது உதவட்டும். தைவான்காரர்களும் காசில்லாமல் ஆற்றுப் படுகையிலும் கல்குவாரியிலும்தான் எடுத்தார்கள். மண்வெட்டியோடு இறங்கினால் மணல் அள்ள வந்ததாக நினைப்பார்கள். ஊராட்சியிலும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விழும் இடத்தை ஆறுக்கு ஆறு அடியில் ஒரு அடி ஆழம் கிளறி, கல்லும் பாட்டில் துண்டும் பொறுக்குங்கள். ஈர மணல் இறுகிவிடும், சிமென்ட் தரையில் விழுவதற்குச் சமம். உலர்ந்த மணலே வேண்டும். ஆனால் அதே உலர்ந்த மணலில் நின்று உதைக்க முடியாது, ஊன்றின கால் புதைந்து முட்டி திருகும். உதைக்கும் இடத்தில் எட்டுக்கு நான்கு பிளைவுட் ஒன்றைப் பதித்து மேலே அரை அங்குலம் மணல் தூவுங்கள். எல்லை தெரிய ஓரத்தில் ஒரு சுள்ளி நட்டுக்கொள்ளுங்கள்.

குத்துக்கும் முகத்துக்கும் நடுவே எட்டுப் பத்து அங்குலம் இடைவெளி இருக்கட்டும். கேமராவை அடிப்பவரின் தோளுக்குப் பின்னாலோ, அடிவாங்குபவரின் தோளுக்குப் பின்னாலோ வைத்தால் இடைவெளி தெரியாது. பக்கவாட்டில் வைத்தால் பளிச்சென்று தெரியும். பழைய படங்களில் சிரிப்பு வரும் இடமெல்லாம் இதுதான். செல்போனைப் பக்கத்தில் கொண்டுபோகாமல் தள்ளி நின்று இரண்டு மூன்று மடங்கு லென்ஸில் எடுங்கள், தூரம் நசுங்கி இருவரும் நெருக்கமாகத் தெரிவார்கள். அடிவாங்குபவர்தான் அடியை விற்பவர்: கை தாடையைக் கடக்கும் ஃபிரேமில் தலை திரும்ப வேண்டும். இரண்டு ஃபிரேம் முந்தினாலும் பிந்தினாலும் நாடகம். பாதி வேகத்தில் பத்து முறை ஒத்திகை பார்த்த பிறகு முக்கால் வேகத்தில் எடுத்து, எடிட்டிங்கில் 110 சதவீதம் ஓட்டுங்கள். அதற்கு மேல் போனால் சார்லி சாப்ளின் ஆகிவிடும்.

அடி விழுந்ததும் மார்பிலிருந்து புழுதி பறக்க வேண்டும் என்றால் சட்டைக்கு மேல் ஒரு ஸ்பூன் முல்தானி மட்டியைத் தடவுங்கள். வெயில் அடிவாங்குபவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், எதிர்வெயிலில்தான் தூள் மின்னும். முன்வெயிலில் ஒன்றுமே தெரியாது. காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு மூட்டை கட்டுங்கள். அதற்குப் பிறகு வேலூர் வெயிலில் நிழல் காலடிக்குள் சுருங்கிக் கண்குழி கறுத்துவிடும், மணலும் சுடும். இரவுக் காட்சி வேண்டுமா? பகலிலேயே இரண்டு ஸ்டாப் குறைத்து நீலம் ஏற்றலாம், ஆனால் வானத்தைச் சட்டத்துக்குள் விடாதீர்கள். வானம் வெளுத்தால் குட்டு உடைந்தது.

ஆயுதம் பிரம்பாக மட்டும் இருக்கட்டும், தகரக் கத்தி கூட வேண்டாம். ஆஸ்துமா உள்ளவரை முல்தானி மட்டிப் பக்கம் விடாதீர்கள். முகத்துக்கு அருகே தூவுவதாக இருந்தால் ஊதுவதற்கு முன் ‘மூச்சைப் பிடி’ என்று ஒருவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒலி எப்படியும் பிறகுதான் சேர்க்கப் போகிறீர்கள், கத்தினால் ஒன்றும் கெட்டுவிடாது.